நான்கு மடிப்புச் சுற்றுத்துணி

குழந்தைக்குப் பூசுகிற உப்பு வெள்ளையாக இருக்க வேண்டும். சாம்பல் நிறத்தில் வருகிற உப்பில் மண் கலந்திருக்கும், பிறந்த தோலைக் கீறிவிடும். நான் எப்போதும் தெற்கே உப்புக்கடல் பக்கமிருந்து வருகிறதைத்தான் வாங்குவேன். உரலில் இடித்து, துணியில் சலித்து, மூடி வைப்பேன். இதை முதலிலேயே சொல்கிறேன், ஏனென்றால் இந்த மருத்துவச்சி மில்காள் வேலையில் அசட்டை என்று நாளைக்கு யாரும் பேசக் கூடாது.

யாயீர் ஐயா, முப்பத்திரண்டு வருடமாக இந்த ஊர்ப் பிள்ளைகள் என் கையில்தான் விழுந்தன. ஊர் வாசலில் என்னை விசாரிக்க உட்கார்ந்திருக்கிற உங்கள் மூவருடைய பேரப்பிள்ளைகளும் நான் எடுத்தவைதான். எனக்குக் கைராசி என்று சொன்னவர்களே நீங்கள்தான். கேட்டதற்கு ஒன்றையும் மறைக்காமல் பதில் சொல்கிறேன். முழங்கால் வலிக்கிறது, உட்கார்ந்துகொண்டு சொல்கிறேனே.

வடக்கே நிற்கிற மலையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பனி உச்சியில்தான் வானத்திலிருந்து தூதர்கள் இருநூறு பேர் இறங்கினார்கள். மேலே தூங்காமல் காவல் காக்க வைக்கப்பட்டவர்கள். கீழே பெண்கள் தலை கழுவுவதைப் பார்த்தார்கள், ஒருவரும் பின்வாங்குவதில்லை என்று சத்தியம் செய்துகொண்டு இறங்கிவிட்டார்கள். பெண்களுக்கு மை தீட்டவும் ஆண்களுக்கு வாள் அடிக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். அவர்களுக்குப் பிறந்த ராட்சதப் பிள்ளைகள் விளைச்சலைத் தின்றன, மாடுகளைத் தின்றன, கடைசியில் பெற்றவர்களையே தின்றன. ஓய்வுநாளில் தோற்சுருளை விரித்து இதை வாசித்தவர் நீங்கள்தான். பெண்கள் பக்கம் உட்கார்ந்து நான் கேட்டேன். உலகை மூடிய வெள்ளத்தோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நீங்கள் சுருளைச் சுருட்டி வைத்தீர்கள். அந்த மலை முடிந்துவிடவில்லையே ஐயா, தினமும் காலையில் கதவைத் திறந்தால் அங்கேதானே நிற்கிறது.

என் மாமியார் கெத்தூராளும் இதே வேலை செய்தவள். தொழிலை அவளிடம்தான் கற்றேன். தொப்புள் கொடி அறுப்பது, உப்புப் பூசுவது, எண்ணெய் தடவுவது, கம்பளிச் சுற்றுத்துணியால் கை கால் அசையாமல் சுற்றுவது, எல்லாம். அதோடு ஒரு அளவும் சொல்லிக் கொடுத்தாள். சுற்றுவதற்கு முன்னால் துணியை நான்காக மடித்துக் குழந்தையின் பக்கத்தில் விரிக்க வேண்டும். உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை அந்த மடிப்புக்குள் அடங்கினால் மனுஷப் பிள்ளை. குதிகால் வெளியே நீட்டினால், கண்ணைப் பார்க்க வேண்டும். பிறந்தவுடன் கண்ணைத் திறந்து உற்றுப் பார்த்தால் அது காவல் இருந்தவர்களின் பிள்ளை. அவர்களுக்குத் தூக்கம் கிடையாது.

அப்படிப்பட்டதற்கு ஒரு சுற்று அதிகம். முகத்துக்கு மேல் ஒரு சுற்று. அவ்வளவுதான் ஐயா. அதற்கு மேல் நான் ஒன்றும் செய்ததில்லை. அடித்ததில்லை, தண்ணீரில் போட்டதில்லை. மடியில் வைத்துக்கொண்டுதான் இருந்தேன், ஒவ்வொன்றையும், கடைசிவரை. பிறகு அவிழ்த்து, வெளியே வந்து, "மூச்சு வரலையேம்மா" என்று சொல்வேன். பெண்களோடு சேர்ந்து நானும் அழுவேன். பொய்யாக அழவில்லை.

எத்தனை என்று கேட்டீர்கள். பதினொன்று. முதல் இருபது வருடத்தில் மூன்று. அதற்கப்புறம் பன்னிரண்டு வருடத்தில் எட்டு. உங்கள் மருமகளின் மூத்த பிள்ளை ஏழாவது, யாயீர் ஐயா. கோலைக் கீழே போட்டுவிட்டீர்கள், யாராவது எடுத்துக் கொடுங்கள்.

எட்டு என்பது எனக்கே பயமாக இருந்தது. மறுபடி இறங்க ஆரம்பித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஊற்றங்கரையில் பெண்களைப் பிடித்துத் திட்டினேன். "நடுப்பகல்ல மலையைப் பாத்துத் தலையை விரிச்சுப் போட்டுட்டு நிக்கிறீங்களே, வெக்கமா இல்ல? முக்காட்டை இழுத்துப் போடுங்கடி." அவர்கள் சிரித்தார்கள். "எங்க வீட்டுக்காரங்களே திரும்பிப் பாக்க மாட்டேங்கிறாங்க, மலையிலேருந்து ஒருத்தன் எறங்கி வரப்போறானாக்கும்" என்றாள் ஒருத்தி. ஊரே சிரித்துக்கொண்டிருக்கும்போது ஒருத்தியாவது கவனமாக இருக்க வேண்டாமா?

அக்சாள் விஷயத்துக்கு வருகிறேன். நெசவுக்காரி அக்சாள், எலியாதாவின் பெண்டாட்டி, இதோ கையில் துணியோடு நின்று என்னை முறைத்துக்கொண்டிருப்பவள். ஏழு வருடத்துக்கு முன்னால், திராட்சை பறிக்கிற காலத்தில், அவளுக்கு முதல் வலி எடுத்தது. காலையிலேயே போய்விட்டேன். இரண்டு பெண்கள் தோளைப் பிடித்துக்கொள்ள, பிரசவக் கல்லின் மேல் உட்கார்ந்து அவள் புருஷனைத் திட்டித் தீர்த்தாள்.

"அந்த மனுஷனை இனிமே வாசப்படி ஏற விடமாட்டேன் அத்தே!"

"எல்லாரும் இதைத்தான்டி சொல்றீங்க. நாப்பது நாள் போகட்டும், கதவை நீயே தொறந்து வப்ப."

அவளும் வலியோடு வலியாகச் சிரித்தாள். உச்சி வெயில் நேரத்தில் பிள்ளை விழுந்தது. ஆண். ஒரு தரம் அழுதது, அப்புறம் வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தது. தண்ணீர் கொண்டுவரச் சொல்லி மற்ற இருவரையும் அனுப்பினேன். துணியை மடித்து விரித்தேன். குதிகால் ஒரு விரல் வெளியே இருந்தது.

நான் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னாலிருந்து அவள் கேட்டாள்.

"அத்தே, நல்லாத்தானே அழுதான்? எங்காதுல கேட்டுச்சே."

"அது வெளிய ஆட்டுக்குட்டிம்மா. நீ கண்ணை மூடிப் படு."

அந்த வார்த்தை மட்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. ஊரில் ஆடு ஈனுகிற காலம் வந்தால் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. குட்டி கத்தினால் காதைப் பொத்திக்கொள்கிறேன். பகல் வெளிச்சத்தில், நாலு பேர் நடமாடுகிற சந்தில் நிற்கும்போதே, கீழேயிருந்து யாரோ கண் கொட்டாமல் என்னைப் பார்க்கிற மாதிரி இருக்கும். குனிந்து பார்ப்பேன், ஒன்றும் இருக்காது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

இரண்டாவது பிள்ளைக்கு அக்சாள் என்னைக் கூப்பிடவில்லை. வாற்கோதுமை அறுப்பில், வயலிலேயே, தன்னந்தனியாகப் பெற்றுக்கொண்டாள். செய்தி கேட்டு ஓடினேன். தானே உப்புப் பூசி, தன்னுடைய துணியிலேயே சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதிர்க்கட்டின் மேல் உட்கார்ந்திருந்தாள். பெண் பிள்ளை. அளக்கக் கை நீட்டினேன்.

"தொடாதீங்க அத்தே."

"வழக்கம்டி. அளந்து பாத்துட்டுக் குடுத்துடறேன்."

"இவ என் பிள்ளை. எனக்கு அளவு தெரியும். நீங்க கெளம்புங்க."

அந்தப் பெண்ணுக்கு ஓக்லாள் என்று பேர் வைத்தார்கள். ஐந்து வருடமாக அவளைப் பார்த்துக்கொண்டு வருகிறேன். நான் அளக்காமல் விட்ட ஒரே பிள்ளை.

மற்றது உங்களுக்குத் தெரியும். போன வாரம் என் சுற்றுத்துணியின் ஓரம் பிரிந்தது. இந்த ஊரில் அதைத் தைத்துக்கொடுக்க வேறு யார் இருக்கிறார்கள், அவளிடமே கொடுத்தேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் கெத்தூராளின் பழைய துணி நைந்துபோனபோது, அதே நீளத்துக்குப் புதிதாக நெய்து தந்தவளும் அவள்தான். அன்றைக்கே தனக்கென்று இன்னொன்றும் நெய்து பெட்டியில் வைத்திருக்கிறாள். அது எனக்குத் தெரியாது. இன்று காலையில் உங்கள் முன்னால் இரண்டையும் தரையில் விரித்தாள்.

"பாருங்க பெரியவங்களே. ஒரே தறி, ஒரே நூல், ஒரே நாள்ல நெய்ஞ்சது. இவங்களுது ஆறு விரக்கடை கொறையுது. சுடுதண்ணியில போட்டுப் போட்டுச் சுருங்கிக் கெடக்கு. இதை வச்சா என் பிள்ளையை அளந்தீங்க? பச்சைப் புள்ளைய, இதை வச்சா?"

கம்பளி சுருங்கும் என்று எனக்குத் தெரியாதா ஐயா? நானும் பெண்பிள்ளைதான், நானும் துவைக்கிறேன். ஒவ்வொரு பிரசவத்துக்குப் பிறகும் கொதிக்கிற உப்புத் தண்ணீரில் அலசிக் காயப்போட்டேன். சுத்தம் வேண்டாமா? ஆறு விரல் குறைந்தது உண்மை. அதனால் எட்டுப் பிள்ளைகளும் சாதாரணப் பிள்ளைகள் என்று ஆகிவிடுமா? கண்ணைத் திறந்து பார்த்தார்களே. "எல்லாப் பிள்ளையும்தான் கண்ணைத் தொறக்கும், பாவி" என்று அக்சாள் கத்தினாள். அவள் இரண்டு பெற்றவள். நான் நூற்றுக்கணக்கில் எடுத்தவள்.

அப்போது நீங்கள் ஒன்று கேட்டீர்கள், யாயீர் ஐயா. கெத்தூராளின் துணியும் அப்போதே பழசுதானே என்று கேட்டீர்கள். அதற்குப் பதில் இப்போது சொல்கிறேன்.

பதினொன்று என்றேன். என் கணக்கில் ஒன்றைச் சேர்க்கவில்லை. கல்யாணமான வருடம், எனக்குப் பத்தொன்பது வயது, ஊற்றில் தலை கழுவிவிட்டு ஈரம் காயட்டும் என்று முக்காடு இல்லாமல் மலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அழகாக இருந்தது மலை. அடுத்த வருடம் பையன் பிறந்தான். பெரிய பிள்ளை, ரோஜா நிறம், கண் திறந்திருந்தது. கெத்தூராள் துணியை நான்காக மடித்தாள். "அன்னைக்கு ஊத்தங்கரையில ஒந்தலை மூடியிருந்துச்சா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். துணியை என் கையில் கொடுத்தாள். "நீ பெத்தது, நீயே சுத்து" என்றாள்.

சுற்றினேன். அவன்தான் முதல். அந்தத் துணிக்கு அப்போதே முப்பது வயது இருக்கும். அதை நெய்தபோது எவ்வளவு நீளம் இருந்தது என்று சொல்ல இன்று யாரும் உயிரோடு இல்லை. அதை நான் யாரிடமும் கேட்டதும் இல்லை.

நீங்கள் என்ன தீர்ப்புச் சொன்னாலும் சரி. பன்னிரண்டு பேரையும் நான்தான் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அதோ, அக்சாள் தன் பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள். பக்கத்தில் கொல்லன் மகளையும் நிறுத்தியிருக்கிறாள், அதே வயதுதான். "நல்லாப் பாருங்க, இவளா ராட்சசி? கொல்லர் வீட்டுப் பொண்ணோட தோளுக்குத்தான் வர்றா" என்கிறாள். நீங்கள் எல்லோரும் தலையை ஆட்டுகிறீர்கள். ஓக்லாள் விரலைச் சப்பிக்கொண்டு என்னையே பார்க்கிறாள்.

அவள் குனிந்து நிற்கிறாள் ஐயா. உங்களுக்குத் தெரியவில்லை. ஐந்து வருடமாகக் குனிந்தே நடக்கிறாள், நான் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன். யாராவது அவளை நிமிர்ந்து நிற்கச் சொல்லுங்கள். இன்னும் கொஞ்சம் நிமிரச் சொல்லுங்கள். அவள் உயரமாகத்தான் இருக்க வேண்டும்.