வலியசாலையில் டப்பா மீன்

சங்கு ஊதுகிறது. பகல் பதினொன்றேகால். முதலில் தாழ்வாக. பிறகு ஏறுகிறது. பிறகு இறங்கி மறுபடி ஏறுகிறது. நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன். முறம் கையிலிருந்து விழுகிறது. நான் எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. கால் தானாக ஓடுகிறது. வடிவு எங்கே? வடிவு!

தெருவில் வார்டன் மலையாளத்தில் கத்திக்கொண்டு ஓடுகிறார்.

"எல்லாவரும் குழியில் இறங்ஙிக்கோ! வேகம்! வேகம்!"

அண்ணன் வீட்டுக் கொல்லையில் குழி. ஆள் உயரம். மேலே பனந்தடியும் மண்ணும். பக்கத்து மூன்று வீடுகளுக்கும் அதுதான். பெண்கள் ஒவ்வொருவராக இறங்குகிறோம். மதினி நகைப்பெட்டியோடு. ஒருத்தி சாமி படத்தோடு. வடிவு எங்களுக்கு முன்னாலேயே உள்ளே இருக்கிறாள். ஒன்பது வயது. மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, மடியில் ஒரு துணிமூட்டை. சங்கு நிற்கிறது. மேலிருந்து மண் உதிர்கிறது.

குண்டு போட்டால் ஒளிகிற பயிற்சியாம். மண்ணாங்கட்டிப் பயிற்சி. திருவனந்தபுரத்தில் ஒரு குண்டும் விழவில்லை. எனக்கும் வடிவுக்கும் அதை யார் சொல்லிப் புரியவைப்பது?

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. க்ரீச். நின்றது. மறுபடியும் க்ரீச். டப்பாவோடு வருகிற சாவியில் தகரம் சுருளுகிற சத்தம். வடிவு மூட்டையைப் பிரித்து டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். ஓடி ஒளிய வேண்டும் என்றால் பிறகு பசிக்கும். பசிக்கும் என்றால் டப்பா வேண்டும். அவள் படித்த பாடம் அவ்வளவுதான். குழி முழுக்க எண்ணெயும் மீனும் மணத்தது. எனக்கு மணம்.

"இது என்ன நாத்தம்? எலி செத்துக் கெடக்கா?" என்றாள் மதினி.

வடிவு இரண்டு விரலால் மீனை எடுத்து வாயில் வைத்தாள். மென்றாள். விரலை நக்கினாள்.

"அய்யோ சிவனே! மீனுல்லா தின்னுது! நம்ம பிள்ளை மீனுல்லா தின்னுது!"

இரண்டாம் சங்கு ஊதும்வரை ஒருவரும் வெளியே வரக் கூடாது. இருபது நிமிஷம். எட்டுச் சைவப் பெண்கள், ஒரு மீன் டப்பா. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வடிவு டப்பாவை முடித்துவிட்டுத்தான் தலை நிமிர்ந்தாள். நாற்பத்து மூன்றாம் வருஷம். மாசி மாதம். செவ்வாய்க்கிழமை.

என் பெயர் தெய்வானை. நாஞ்சில் நாட்டுக்காரி. சைவக் குடும்பம். முட்டை உடைத்த கையைக்கூட வீட்டுக்குள் விடாத சைவம். என் புருஷனுக்கு ரங்கூனில் ஒரு மரக் கம்பெனியில் குமாஸ்தா உத்தியோகம். வடிவு அங்கேதான் பிறந்தாள். அவள் தம்பி சங்கரன் அங்கேதான் பிறந்தான். அவன் ஆறு வயதுப் பிள்ளை.

நாற்பத்தொன்று மார்கழியில் ரங்கூனில் குண்டு விழுகிறது. காலை பத்து மணிக்கு மேல். விசில் மாதிரி ஒரு சத்தம். அப்புறம் தரை தூக்கிப் போடுகிறது. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. காதில் ஒரு வண்டு மட்டும் இரைகிறது. தை பிறந்ததும் கிளம்பினோம். கப்பல் கிடைக்கவில்லை. புரோம்வரை ரயில். அங்கே ஆற்றைத் தாண்டி, மலைப்பாதையில் நடந்து, அந்தப் பக்கக் கடற்கரைக்குப் போய்ப் படகு பிடிக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் நம் ஜனங்கள். எல்லாரும் நடை.

கம்பெனிக் கிடங்கைத் திறந்துவிட்டிருந்தார்கள். என் புருஷன் ஒரு சாக்கில் டப்பாக்களை அள்ளிக்கொண்டு வந்தார். குழந்தைகளுக்குப் பால் டப்பா என்றார். ஆற்றைத் தாண்டும்போது சாக்கு தண்ணீரில் விழுந்தது. எடுத்துவிட்டோம். ஆனால் ஒட்டியிருந்த காகிதம் எல்லாம் ஊறிக் கழன்று போய்விட்டது. இருபது வெறும் தகர டப்பா. எது என்ன என்று தெரியவில்லை.

கத்தி முனையால் குத்தித் திறப்பார். முகர்ந்து பார்ப்பார். பால் என்றால் பிள்ளைகளுக்கு. மீன் என்றால் பாதையோரத்தில் ஒரு கல்லின்மேல் வைத்துவிடுவார். பசித்தவர் எடுத்துக்கொள்ளட்டும் என்பார். நல்ல மனுஷன். பிறகு கத்தியைக் கழுவுவார். மீன் பட்ட கத்தி. அதே கத்தியால் பால் டப்பாவைத் திறக்கலாமா? மணல் போட்டுத் தேய்த்து, இரண்டு தடவை தண்ணீர் ஊற்றிக் கழுவுவார். அது குடிக்கிற தண்ணீர். அந்த மலையில் தண்ணீர் கிடையாது. ஒரு போத்தல் தண்ணீருக்குத் தாலியைக் கழற்றிக் கொடுத்தவளை நான் பார்த்தேன். நாங்கள் கத்தி கழுவினோம். நானே ஊற்றினேன்.

எங்களுக்குப் பின்னால் ஒரு தெலுங்குக்காரி நடந்து வந்தாள். ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவள். பெயர் கேட்கவில்லை. நாங்கள் வைத்துவிட்டுப் போகிற டப்பாக்களை அவள் எடுத்துச் சாப்பிட்டாள். நன்றாக நடந்தாள்.

ஆறாம் நாள் என் புருஷனுக்குக் காலரா. சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பித்தது. மறுநாள் விடியும்போது முடிந்துவிட்டது. மண்ணைத் தோண்ட ஒருவரிடமும் தெம்பு இல்லை. இலைகளைப் போட்டு மூடினேன். சாக்கை நான் தூக்கிக்கொண்டேன். கத்தியையும். அவர் செய்த மாதிரியே செய்தேன். திற. முகர். வை. கழுவு.

பதினோராம் நாள் கடைசி டப்பா. மீன். கல்லின்மேல் வைத்தேன். சங்கரனால் நடக்க முடியவில்லை. என் தோளில் கிடந்தான். மரத்தடியில் இறக்கினேன். வடிவைக் காணோம். திரும்பிப் பார்த்தால் தெலுங்குக்காரியின் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்து வாங்கிக்கொண்டிருக்கிறாள். மீனை. கூப்பிட எனக்குத் தெம்பில்லை. தெலுங்குக்காரி எழுந்து வந்தாள். சங்கரன் வாய்க்குப் பக்கத்தில் ஒரு துண்டை நீட்டினாள். அவன் என் முகத்தைப் பார்த்தான். எதற்கும் என் முகத்தைப் பார்க்கிற பிள்ளை. நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். அவன் வாயை மூடிக்கொண்டான்.

மறுநாள் காலை அவன் எழுந்திருக்கவில்லை.

அன்று நடுப்பகல். தெலுங்குக்காரி அதே டப்பாவை என் கையில் வைத்தாள். அடியில் இரண்டு துண்டு மிச்சம். சாப்பிட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். வடிவைத் தூக்க வேண்டியிருந்தது. உப்பு. எண்ணெய். முள் பல்லில் பட்டதும் மாவாக உதிர்ந்தது. ருசியாக இருந்தது. இந்த ஒரு வரியை எழுத எனக்கு இத்தனை காலம் ஆயிற்று. ருசியாகத்தான் இருந்தது.

படகு. கப்பல். ரயில். சித்திரையில் திருவனந்தபுரம் ஸ்டேஷனில் இறங்கினோம். அண்ணன் வந்து அழைத்துப்போனார். சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. பாவம், தங்கமான ஆள். இரண்டு பேரும் எப்படிப் போனார்கள் என்று கேட்டார். காய்ச்சல் என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை.

வடிவுக்குச் சோறு நிற்கவில்லை. கஞ்சி நிற்கவில்லை. சாப்பிட்ட கால் மணி நேரத்தில் வாந்தி. பர்மா அரிசி வருவது நின்றுபோய் ஊரே மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கைத் தின்றுகொண்டிருந்தது. அதுவும் அவளுக்கு நிற்கவில்லை. விலா எலும்பை எண்ணலாம். வைத்தியர் வந்தார். கஷாயம் கொடுத்தார். மதினி வேப்பிலை அடித்தாள். இந்தப் பிள்ளையும் போய்விடும் என்று நினைத்தேன். அழுகை வரவில்லை. எதுவும் வரவில்லை.

ஒருநாள் சாலைக் கடைத்தெருவில், வெள்ளைக்காரர்களுக்குச் சாமான் விற்கிற கடையில், தூசி படிந்த டப்பாக்களைப் பார்த்தேன். தட்டை டப்பா. பக்கத்திலேயே சாவி ஒட்டியிருந்தது. மேலே மீன் படம். கால் நின்றுவிட்டது. ரவிக்கை தைத்துக் கொடுத்துச் சேர்த்ததை வைத்து ஒன்று வாங்கினேன். தொழுவத்துக்குப் பின்னால் வடிவை உட்காரவைத்துத் திறந்தேன். பாதி சாப்பிட்டாள். காத்திருந்தேன். கால் மணி. அரை மணி. வாந்தி இல்லை. அன்றைக்குத்தான் முதல்முதலாகச் சிரித்தாள்.

பச்சை மீன் வாங்கலாமே என்று கேட்பீர்கள். இந்த ஊரில் சாளை மீன் கூடைகூடையாகத் தெருவில் வரும். ஆனால் அடுப்பில் வைத்தால் நாலு வீட்டுக்கு மணக்கும். அதோடு, ஆற்றில் என்னென்ன மிதந்தது என்று வடிவு பார்த்திருக்கிறாள். தண்ணீரிலிருந்து எடுத்த மீனைக் கண்டால் நடுங்குவாள். டப்பாவில் இருப்பது அவளுக்கு மீன் இல்லை. அது டப்பா. அவ்வளவுதான்.

அப்புறம் தினமும். மதினி தூங்குகிற மத்தியான நேரம். தொழுவத்துக்குப் பின்னால் நானும் அவளும். அவித்த மரச்சீனியில் நாலு துண்டை ஒளித்து எடுத்துவருவேன். சின்ன உள்ளி, பச்சை மிளகாய், இரண்டு கல் உப்பு. மீனை விரலால் மசித்து எல்லாவற்றையும் பிசைவேன். எண்ணெயைக் கிழங்கின்மேல் ஊற்றுவேன். கிழங்கு அதைக் குடித்துவிடும். மீனோடு சேர்ந்தால் அவளுக்குக் கிழங்கும் நின்றது. அவளுக்குப் பாதி, எனக்குக் கொஞ்சம். டப்பாவை வழித்து நக்குவோம். காலையில் எழுந்ததும் அந்த நேரம் எப்போது வரும் என்றுதான் நினைப்பேன். மனதில் வேறு எதுவும் அசையாது. நாக்கு மட்டும் அசையும். காலி டப்பாவை வாழைக்கடியில் புதைத்துவிடுவேன். வடிவின் கன்னத்தில் சதை பிடித்தது. மதினி வேப்பிலைக்கு நன்றி சொன்னாள்.

குழியில் அது வெளியே வந்தது. இரண்டாம் சங்கு ஊதியதும் பெண்கள் மேலே ஏறி நேரே கிணற்றடிக்குப் போனார்கள். தலைக்குக் குளித்தார்கள்.

பிற்பகல் மூன்று மணி. அண்ணன் கச்சேரியிலிருந்து பாதி நாளில் வந்துவிட்டார். சாமி அறையில் விளக்கு ஏற்றியிருக்கிறது. வடிவை முன்னால் நிறுத்துகிறார். கோபமாக இல்லை. கோபமாக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தெருவில் பேச்சாகிவிட்டது. அவர் மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிற நேரம். அவருக்கும் வேறு வழியில்லை.

"மக்களே, மாமா ஒன்னை அடிக்க மாட்டேன், கேட்டியா. இனிமே அதத் தொட மாட்டேன்னு வெளக்கப் பாத்து ஒரு வார்த்த சொல்லிரு. அது மதி, போதும். பின்னே ஒண்ணும் இல்லெ."

"சொல்லு பிள்ளே. மாமா சொல்லுதாருல்லா," என்றாள் மதினி. அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது.

வடிவு திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு பார்த்தாள். நான் தலையசைத்தால் போதும். சொல்லிவிடுவாள். அப்புறம் தொடவும் மாட்டாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற வம்சம். அந்த மரத்தடி. அந்தப் பார்வை. அதே மாதிரி மூடிய வாய்.

"அவ சொல்ல மாட்டா அண்ணே."

"பின்னே?"

"நானும் தின்னுகேன். தெனமும் தின்னுகேன். நாங்க போறோம்."

அண்ணன் விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். போகாதே என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. மதினி உள்ளே போய் ஒரு படி அரிசியைத் துணியில் கட்டிக்கொண்டு வந்தாள். அரிசி கிடைக்காத காலம் அது. அதை என் கையில் தராமல் வாசற்படியில் வைத்தாள். எடுத்துக்கொண்டேன். நாலேகால் மணிக்கு வலியசாலைத் தெருவை விட்டு நடந்தோம்.

கரமனைப் பக்கம் வாடகைக்கு இடம் இருந்தது. அங்கே ஆறு இருக்கிறது. வேண்டாம் என்று மணக்காட்டில் ஒரு அறை பார்த்தேன். தைக்கிறேன். வடிவு பள்ளிக்கூடம் போகிறாள். தினமும் டப்பா மீன். இப்போது ஒளிப்பதில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம். அவள் ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். நானும்தான்.

போனதைச் சொல்லிவிடுகிறேன். புருஷன். ஆறாம் நாள் ராத்திரிக்கும் ஏழாம் நாள் விடியலுக்கும் நடுவில். முப்பத்தெட்டு வயது. சங்கரன். பன்னிரண்டாம் நாள் காலை. காய்ச்சல் இல்லை. அண்ணனிடம் நான் சொன்னது பொய். ரங்கூனில் ஒரு வீடு. ஒரு தையல் மிஷின். அண்ணன் வீடு. அண்ணன் மகளின் கல்யாணம் நடந்தது, எங்களைக் கூப்பிடவில்லை. மலைப்பாதையில் ஆறு டப்பா பாலைக் குடித்தோம். பதினான்கு டப்பா மீனைத் திறந்து கல்லின்மேல் வைத்துவிட்டு நடந்தோம்.

ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்குப் பாதி டப்பா போதும். இது தினமும் வடிவுக்குப் போட்டுப் போட்டு எனக்குத் தெரிந்தது. இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு டப்பா. அந்தப் பாதை மொத்தம் பதின்மூன்று நாள். ஒன்று மிச்சம் இருந்திருக்கும்.