கைமேல் பாரம்

கிட்ட வந்து உட்காருங்கள். இது என் நண்பனின் சித்தப்பாவுக்கு நடந்தது.

விடியாத நேரம்... துறைமுகச் சாலை. ஒரு நாய்கூட இல்லை. சித்தப்பா கிரேன் ஓட்டுபவர். வேலைக்கு நடந்துபோகிறார், இடது கையை வலது கையால் தாங்கிக்கொண்டு. தோளிலிருந்து விரல் நுனிவரை மரத்துக் கிடந்தது. கிள்ளினாலும் தெரியவில்லை. மனைவி செத்ததிலிருந்து தினமும் இப்படித்தான் கண் விழித்தார்.

டாக்டர் அழுத்திப் பார்த்தார். "கையை மடக்கிப் படுத்தா நரம்பு அழுந்தும். சர்க்கரை இருக்கலாம், சத்துக் குறைவா இருக்கலாம். எதுக்கும் ரத்தம் குடுத்துட்டுப் போங்க."

ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை.

அவர் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து மனைவி அந்தக் கையில்தான் தலை வைத்துத் தூங்குவாள். இப்போதும் காலையில் முழங்கைக்கு உள்பக்கம் பின்னலின் தடம்... சிவப்பாக, வரி வரியாக. ஈரத் தலையின் வாசனை. அந்தத் தடத்தில் கன்னத்தை வைத்து அழுவார். டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தொடவே இல்லை.

ஒருநாள் கிரேனில் கை நழுவியது. இரும்புப் பெட்டி ஒருவன் தலைக்கு மேல் ஆடியது... அவன் மயிரிழையில் தப்பினான். இவருக்கு வேலை போயிற்று.

தங்கை ஓடிவந்தாள். "போதும்ணா. என் வீட்டுக்கு வந்துடு."

போனார். அங்கே கை சரியாகிவிட்டது. சூடு தெரிந்தது, குளிர் தெரிந்தது. அவரோ நல்ல கையைப் பார்த்துப் பார்த்துத் தேம்பினார். "அவ அங்க தனியா இருக்கா. விட்டுட்டு வந்துட்டேனே..." சோறு இறங்கவில்லை. ஒரு சாயங்காலம் யாரிடமும் சொல்லாமல் பழைய வீட்டுக்கே கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை தங்கை போய்க் கதவைத் தட்டினாள். உள்ளே தாழ் போட்டிருந்தது. அக்கம்பக்கத்தார் கதவை உடைத்தார்கள். கட்டிலில் மல்லாந்து கிடந்தார். கண் மட்டும் அசைந்தது. அறையில் அதே ஈரத் தலையின் வாசனை. கூடவே வேறொரு வாடை... தோண்டிப்போட்ட மண் மாதிரி.

"அண்ணா! என்ன ஆச்சு?"

"வந்துட்டா." சிரிக்கப் பார்த்தார். "ராத்திரி ரொம்ப நேரம் கூப்பிட்டேன். வரல. அப்புறம் நான்தான் சொன்னேன்... தனியா வர பயமா இருந்தா, யாரையாவது கூட்டிட்டு வான்னு."

தங்கை அவருடைய இடது கையைத் தூக்கினாள். துணி மாதிரி வந்தது. வலது கையைத் தூக்கினாள்... வரவில்லை. கால்களும் வரவில்லை. இரண்டு ஆண்கள் காலைப் பிடித்து இழுத்தார்கள். கட்டில்தான் கிறீச்சென்று நகர்ந்தது. அவர் நகரவில்லை.

"சத்தம் போடாதம்மா," என்றார் சித்தப்பா. "அவ விடிஞ்சதும் எழுந்து போயிட்டா. மத்த மூணு பேரும்... இன்னும் தூங்கறாங்க."