மஞ்சள் சீட்டு

நிகானோர்: கைக்குழந்தைக்காரங்க, கர்ப்பிணிங்க, கால் முடியாதவங்க... இவங்களுக்குத்தாம்மா இந்த வரிசை. ப்ளேன்ல முதல்ல ஏத்துவாங்க. உங்களுக்கு இதுல எது?

எலாதியா: பாத்தா தெரியலையா? துணிக்குள்ள தூங்குது. உங்களுக்கு எதுண்ணே?

நிகானோர்: கைத்தடி தெரியலையா? முட்டி.

எலாதியா: எந்த முட்டி?

நிகானோர்: இது... இடது.

எலாதியா: சோதனை பண்ற இடத்துல வலது காலை இழுத்துக்கிட்டு வந்தீங்களே?

நிகானோர்: ...மாறி மாறி வலிக்கும்.

எலாதியா: ஐயோ பாவம்.

நிகானோர்: உங்க குழந்தை அரை மணி நேரமா ஒரு சிணுங்கல் கூட இல்லையே?

எலாதியா: சமத்து.

நிகானோர்: மூச்சு விடறதையும் காணோம்.

எலாதியா: கொஞ்சம் மெதுவாப் பேசுங்க...

நிகானோர்: அதுவும் போக, சோம்பு வாசனை அடிக்குது. குழந்தைன்னா பால் வாசனைதானே வரும்?

எலாதியா: உங்க பெட்டியிலயும் அதே சோம்புதான் மணக்குது. நான் ஏதாவது கேட்டேனா?

நிகானோர்: ரொட்டி வாவாவா?

எலாதியா: வாவாதான். முக்கால் கை நீளம். உங்களுது?

நிகானோர்: குதிரை.

எலாதியா: அப்போ பையன். பொண்ணுக்கு வாவாங்கிற ரொட்டிக் குழந்தை, பையனுக்கு ரொட்டிக் குதிரை. நாளைக்குத் திருநாள். நாம ரெண்டு பேரும் இன்னைக்கு நாடகம். நல்லா இருக்கு.

நிகானோர்: சிரிக்காதீங்க, திரும்பிப் பாக்கறாங்க. பையன் பேரு யெர்சன். எட்டு வயசு. லிமாவுல அவன் அம்மாகிட்ட இருக்கான். உங்களுக்கு?

எலாதியா: பொண்ணு நில்தா. அவளும் லிமாவுலதான், கட்டிக் கொடுத்து ரெண்டு வருஷம். எம் பேரு எலாதியா. ஒரோபேசாவுல ரொட்டி அடுப்பு வெச்சிருக்கேன்.

நிகானோர்: நிகானோர்.

எலாதியா: என்ன வேலை?

நிகானோர்: வேலையா... மூட்டை முடிச்சு தூக்குற வேலை மாதிரி. ஆமா, ஒரு ரொட்டிக்காக எதுக்கும்மா இவ்வளவு பெரிய நாடகம்? பஸ்ல போட்டா போகாதா?

எலாதியா: குஸ்கோவுலேருந்து லிமாவுக்கு இருபத்தொரு மணி நேரம், மலை வளைவுல. போய்ச் சேர்றப்போ பொடிதான் மிஞ்சும். போன வருஷம் ப்ளேன்லதான் கொண்டு போனேன். ஒழுங்கா, நேர்மையா, கூடையில வெச்சு, எல்லாருக்கும் பின்னாடி வரிசையில நின்னேன்.

நிகானோர்: ம்.

எலாதியா: நான் கதவுகிட்டப் போறப்போ மேல் ரேக் எல்லாம் நிரம்பிடுச்சுன்னு ஒரு ஆளு கூடையைப் பிடுங்கினாரு. கெஞ்சினேன். காதுலயே வாங்கல. மஞ்சள் சீட்டை ஒரு முடிச்சு போட்டுக் கட்டி, கீழே சரக்கோட சரக்கா அனுப்பிட்டாரு.

நிகானோர்: ரெண்டு முடிச்சு.

எலாதியா: என்னது?

நிகானோர்: இல்ல... பொதுவா ரெண்டு போடுவாங்க. அவுந்துடாம இருக்க.

எலாதியா: ஓ.

நிகானோர்: அப்புறம்... வாவா என்ன ஆச்சு?

எலாதியா: முகம் மட்டும் முழுசா வந்தது. அது சுண்ணாம்புல செஞ்சு ஒட்டறதுதானே. மத்ததெல்லாம் தூள். தெருவையே கூட்டி வெச்சிருந்தா நில்தா. வாவாவுக்கு விளையாட்டு ஞானஸ்நானம், பாட்டு, சிரிப்பு, யாரு ஞானத்தகப்பன், யாரு ஞானத்தாய்னு ஒரே அமர்க்களம். கூடையைத் திறந்தேன். அவ மாமியார் எட்டிப் பாத்துட்டு, "இதுதான் உங்க மலையில பொறக்கற குழந்தையா?"ன்னாங்க. எம் பொண்ணு உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. இந்த வருஷம் அந்த மாமியாரே ஞானத்தாயா நிக்கறேன்னு சொல்லியிருக்காங்க. அவங்களாவே! நில்தா ஒரு மாசமா போன்ல அதையேதான் சொல்லிக்கிட்டு இருக்கா. இது முழுசாப் போகணும்ணே. இன்னொரு தடவை பொடியாப் போனா, அவ இனிமே யாரையும் கூப்பிட மாட்டா. என்னையும் சேத்து.

நிகானோர்: அந்த ஆளை... மறுபடி பாத்தா அடையாளம் தெரியுமா?

எலாதியா: முகத்தை எங்கே பாத்தேன்? கூடையைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.

நிகானோர்: வரிசை நகருது. கேளுங்க, வாசல்ல நிக்கற பொண்ணு புதுசு. டிக்கெட்டைத்தான் பாக்கும், மூஞ்சியைப் பாக்காது. நிக்காதீங்க, குழந்தையை ஆட்டிக்கிட்டே நடங்க.

எலாதியா: அது புதுசுன்னு உங்களுக்கு எப்படி...

நிகானோர்: அடிக்கடி போறவன்மா. நடங்க.

எலாதியா: தொப்பி விழுந்துடப் போகுது. மூக்கு வரைக்கும் இழுத்து விட்டுருக்கீங்க.

நிகானோர்: வெயில்.

எலாதியா: கட்டடத்துக்குள்ளயா?

நிகானோர்: ஆட்டுங்கம்மா, குழந்தையை ஆட்டுங்க!

எலாதியா: ...அப்பாடா. உள்ள வந்தாச்சு.

நிகானோர்: எனக்குப் பதினொண்ணாவது வரிசை. உங்களுக்கு?

எலாதியா: இருபத்தெட்டு. ஆனா உங்க பக்கத்து இடத்துக்காரர் வந்ததும் அவரோட மாத்திக்கலாம்னு இருக்கேன். என்னுது ஜன்னல், யாரு வேண்டாம்பாங்க?

நிகானோர்: எதுக்கு மாத்தணும்?

எலாதியா: பேச்சுத்துணைக்குத்தான்.

நிகானோர்: சரி... வாவாவை மேலே வைங்க. என் பெட்டி பக்கத்துலயே இடம் இருக்கு. இப்பவே வைங்க.

எலாதியா: வேண்டாம். மடியிலயே இருக்கட்டும்.

நிகானோர்: சொன்னா கேளுங்க. இன்னும் பத்து நிமிஷத்துல ஊரே ஏறும்.

எலாதியா: மேலே வெச்சா அவன் அவன் சூட்கேஸை அது மண்டையில இடிப்பான். குழந்தைன்னு சொல்லித்தானே ஏறினேன்? குழந்தையாவே வரட்டும்.

நிகானோர்: உங்க இஷ்டம். ...பாருங்க, வந்துட்டாங்க. அந்த மீசைக்காரர் கையில நாலு பாலாடைக்கட்டி. பின்னாடி வர்ற அம்மாகிட்ட சோளம், அதுக்குப் பின்னாடி கிடார்...

எலாதியா: அந்தப் பையன் சூட்கேஸைப் படுக்கப் போட்டுட்டானே.

நிகானோர்: நிக்க வெச்சா மூணு போகும், படுக்கப் போட்டா ஒண்ணுதான். தினம் நூறு தடவை சொல்லுவோம், ஒருத்தன் கேக்க மாட்டான்.

எலாதியா: யாரு சொல்லுவீங்க?

நிகானோர்: ...பொதுவா. பெரியவங்க.

மிலுஸ்கா: வணக்கம்மா. நான் மிலுஸ்கா, விமானப் பணிப்பெண். கைக்குழந்தைக்குத் தனி பெல்ட் கொண்டு வந்திருக்கேன். துணியைக் கொஞ்சம் விலக்குறீங்களா?

எலாதியா: வேண்டாம் தாயி, முழிச்சுக்கும்.

மிலுஸ்கா: கட்டாமப் பறக்க முடியாதும்மா. எத்தனை மாசம்?

எலாதியா: நேத்துதான்...

மிலுஸ்கா: நேத்து பொறந்ததா? பச்சைக் குழந்தைம்மா! இதை ஏத்தவே கூடாதே, யாரு உள்ள விட்டது? இருங்க, டாக்டரை...

நிகானோர்: நேத்து சுட்டதும்மா.

மிலுஸ்கா: ...என்னது?

எலாதியா: உங்க வாயில... சரி, இந்தா தாயி. நீயே பாத்துக்க.

மிலுஸ்கா: அட! கன்னமெல்லாம் சிவப்பு... கண் இமை கூட வரைஞ்சிருக்கே! எவ்வளவு அழகா இருக்கு!

எலாதியா: அப்போ மடியிலயே...

மிலுஸ்கா: மனுஷக் குழந்தைன்னா மடி. ரொட்டின்னா மேலே. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் மடியில ஒரு பொருளும் இருக்கக் கூடாதும்மா. முன் இருக்கைக்கு அடியில போகுமா?

எலாதியா: அதோட காலை ஒடிச்சாத்தான் போகும்.

மிலுஸ்கா: மேல் ரேக்குல எங்கயும் ஒரு சாண் இடம் இல்ல. நானே இப்பத்தான் கடைசி வரைக்கும் மூடிட்டு வர்றேன். மன்னிச்சுக்கங்க. மஞ்சள் சீட்டு போட்டுக் கீழே அனுப்பிடறேன். கதவை மூட ரெண்டு நிமிஷம்தான் இருக்கு.

எலாதியா: மறுபடியுமா...

மிலுஸ்கா: பத்திரமா வைக்கச் சொல்றேம்மா.

எலாதியா: போன வருஷமும் இதே பேச்சுதான் தாயி. ...சரி. எடுத்துக்க. தலையை மட்டும் பிடிச்சுத் தூக்காதே.

நிகானோர்: இரும்மா. அதை வைக்காதே. மேலே கறுப்புக் கயிறு கட்டின பெட்டி இருக்கு பாரு, அது என்னுது. அதை இறக்கிட்டு வாவாவை அங்கே வை.

எலாதியா: அண்ணே! குதிரை!

நிகானோர்: குதிரை ஓடும்மா. குழந்தைக்கு நடக்கவே தெரியாது.

எலாதியா: யெர்சன்கிட்ட என்ன சொல்லுவீங்க?

நிகானோர்: அவன்கிட்ட நான் பேசிக்கறேன். எழுந்திரிங்க, இறக்கணும்.

மிலுஸ்கா: சார், சார், உக்காருங்க! முட்டி வலின்னு சொன்னீங்களாமே?

நிகானோர்: போயிடுச்சு. சீட்டைக் கொடு, நானே கட்டறேன்.

மிலுஸ்கா: அம்மாடி, என்ன வேகம்! எங்க ஆளுங்க கூட இப்படிக் கட்ட மாட்டாங்க. உங்களை எங்கயோ பாத்த மாதிரியே இருக்கே சார்...

நிகானோர்: இந்த மூஞ்சி குஸ்கோவுல ஆயிரம் பேருக்கு இருக்கு. நீ கதவைப் பாரும்மா.

மிலுஸ்கா: வாவா சௌகரியமாப் படுத்துடுச்சும்மா. பெல்ட்டைப் போடுங்க ரெண்டு பேரும்.

எலாதியா: ரெண்டு முடிச்சு போட்டீங்க.

நிகானோர்: ஆமா.

எலாதியா: நல்ல இறுக்கமா.

நிகானோர்: எலாதியாம்மா... ஒண்ணு சொல்லணும். சொன்னப்புறம் நீங்க உங்க இருபத்தெட்டுக்கே போகணும்னாலும் போங்க.

எலாதியா: சொல்லுங்க.

நிகானோர்: பதினோரு வருஷமா அந்த வாசல்லதான் நிக்கறேன். ஒரு நாளைக்கு எண்பது பெட்டி. யாரு அழுதாங்க, யாரு கெஞ்சினாங்கன்னு பாத்தா விமானம் கிளம்பாது. அதனால பாக்கறதே இல்ல. இன்னைக்கு லீவு. கூட வேலை பாக்கறவன் எவனாவது பாத்து, என் குதிரைக்கே சீட்டு கட்டிடுவானோன்னுதான் தொப்பி, தடி எல்லாம். போன வருஷம் உங்க கூடையை இறக்கினது... நான்தாம்மா.

எலாதியா: தெரியும்.

நிகானோர்: முடிச்சை வெச்சா?

எலாதியா: அதுக்கும் முன்னாடி. வரிசையில நிக்கறப்பவே. நான் முகத்தைப் பாக்கலைன்னுதானே சொன்னேன்? கையைப் பாத்தேன். கட்டைவிரல்ல நகம் இல்லாத கை. தொப்பியை எவ்வளவு கீழே இழுத்தாலும், தடியைப் பிடிச்ச கை வெளியிலதானே இருந்தது?

நிகானோர்: தெரிஞ்சுமா... தெரிஞ்சுமா எம் பக்கத்துல வந்து நின்னீங்க?

எலாதியா: சீட்டு கட்டறவர் பெட்டியை யாரும் தொட மாட்டாங்க, அது நிழல்லயே எம் பிள்ளையும் போயிடும்னு கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு தப்பாப் போச்சு... நாளைக்கு யெர்சனையும் குதிரையையும் தூக்கிட்டு நில்தா வீட்டுக்கு வாங்க. குதிரைக் கால் ஒடிஞ்சிருந்தா சர்க்கரைப் பாகு காய்ச்சி நான் ஒட்டித் தர்றேன். எங்க வாவாவுக்கு ஞானத்தகப்பனா நிக்க இன்னும் ஆள் கிடைக்கல.