இரண்டு நட்சத்திரம் போதும்

"ஹலோ… ஹலோ, கேக்குதுங்களா?… சென்யோரா கோவதோங்காதானே?… இல்லைங்க, இல்லைங்க, நான் எதுவும் விக்கல. கரண்டு கம்பெனியும் இல்ல… வச்சிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்…

"கோர்தோபாவுலேருந்து பேசறேன். ஜூன் மாசம் வந்து தங்கினீங்களே, எங்க முதலாளி தோன் பல்தொமேரோவோட விடுதி… ஆமா, ஆமா, பாலத்துக்குப் பின்னாடி சந்துல. நான் அங்க ரூம் சுத்தம் பண்றவ. ஃபுவென்சாந்தா… ஆமாம்மா, மண்ஜாடியில தண்ணி வச்சேனே, அவதான்! ஞாபகம் இருக்கா?… அப்பாடா."

ஃபுவென்சாந்தா தன் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டே பேசினாள். வெளியே ஆகஸ்ட் மாதத்துப் பிற்பகல். தெருநாய்கூட நிழலை விட்டு வராது. ஊர் முழுக்க ஷட்டரை இறக்கிவிட்டுக் கட்டிலில் கிடந்தது. அவள் வீட்டு ஜன்னல் ஷட்டரும் அடிவரை இறங்கியிருந்தது, அதன் பொத்தல்கள் வழியாக மட்டும் புள்ளி புள்ளியாக வெயில் சுவரில் விழுந்தது. போன் எண்ணை விடுதியின் வரவேற்பு மேசையிலிருந்து திருட்டுத்தனமாகக் குறித்துக்கொண்டு வந்திருந்தாள். வேலையிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டவள் அந்த மேசைப் பக்கம் போகவே கூடாது. கூடாது என்பதற்கெல்லாம் பயப்படும் கட்டத்தை அவள் தாண்டியாயிற்று.

"நல்லா இருக்கேம்மா… ஆமா… ஆமா, வெயில்தான்… அங்க மழையா? ஆகஸ்ட்லயா?… வடக்க ஓவியேதோக்காரங்களுக்கு என்ன, குடுத்து வச்சவங்க… வீட்டுக்காரர் முழங்கால் தேவலையா?… சரி… சரி… தக்காளியும் எண்ணெயும் போட்ட ரொட்டியா? அது ஒண்ணும் பெரிய வித்தை இல்லம்மா, எண்ணெய் நல்லதா இருந்தாப் போதும்…"

அந்தப் பக்கம் இருந்த அம்மாளுக்குப் பேச ஆள் கிடைத்த சந்தோஷம். இவளுக்கோ தொண்டையில் ஒரு பிணம் அடைத்துக்கொண்டிருந்தது. அப்படியிருந்தும் ஒரு நிமிஷம் முழங்காலைப் பற்றியும் ரொட்டியைப் பற்றியும் சிரித்துப் பேசினாள். இருபது வருஷம் விருந்தாளிகளுக்குச் சிரித்துப் பழகிய வாய், அது தன் பாட்டுக்குச் சிரித்தது.

"அம்மா, ஒரு விஷயம்… நீங்க எங்க விடுதியைப் பத்தி இன்டர்நெட்ல எழுதினீங்களே… ரெண்டு நட்சத்திரம் குடுத்து… ஐயோ, கோபமே இல்லம்மா. மன்னிப்பெல்லாம் எதுக்கு?… எனக்கு அது மனப்பாடம். 'விலை குறைவு. படுக்கை சுத்தம். காலை ரொட்டி பிரமாதம். ஆனா வேலைக்காரி தினம் வந்து ஷட்டரை இறக்கிடறா, ரூம் கல்லறை மாதிரி இருட்டிப் போகுது. வெயிலைத் தேடி இவ்வளவு தூரம் வந்தா வெயிலையே மூடி வைக்கறாங்க'… ஆமா, ஆமா, அதேதான்… நீங்க சிரிக்கறீங்க… இல்ல, பரவாயில்ல, சிரிங்க.

"அதுக்குக் கீழ முதலாளி ஒரு பதில் போட்டிருந்தார், பாத்தீங்களா?… 'மன்னிக்கவும், இனிமே விருந்தாளி ரூம்ல ஷட்டரைத் தொடக் கூடாதுன்னு வேலைக்காரிக்குக் கண்டிப்பாச் சொல்லியாச்சு'ன்னு… ஆமா! படிச்சீங்களா? நீங்க உங்க கண்ணால படிச்சீங்கதானே?… நல்லவேளை… நல்லவேளை, கடவுளே…

"இப்ப அது அங்க இல்ல. நீங்க எழுதினதும் இல்ல, அவர் பதிலும் இல்ல… நீங்களே அழிச்சீங்களா?… அவர் போன் பண்ணிக் கேட்டாரா?… அடுத்த தடவை ரெண்டு நாள் இலவசமா?… சரி… சரி, எப்ப கேட்டார், ஜூன் மாசமேவா?… போன வாரமா?… போன வாரம் என்னைக்கும்மா?… நல்லா யோசிச்சுச் சொல்லுங்க… வியாழக்கிழமை. காலையிலயே."

ஃபுவென்சாந்தா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"அம்மா… புதன்கிழமை எங்க விடுதியில ஒருத்தர் செத்துட்டார்… ஆமா, செத்துட்டார்… ஏழாம் நம்பர். நீங்க இருந்த அதே ரூம்… கொலையெல்லாம் இல்ல. வெயில்… வெயில்ல எப்படிச் சாவாங்களா? எப்படிம்மா சொல்றது…"

மழை ஊர்க்காரிக்கு வெயிலை எப்படி விளக்குவது? கோர்தோபாவில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும், காலையில் சூரியன் சந்துக்குள் எட்டிப் பார்ப்பதற்குள் ஷட்டரை இறக்கிவிட வேண்டும் என்று. இருட்டினபிறகுதான் ஜன்னலைத் திறப்பார்கள். இங்கே வெயிலை யாரும் ரசிப்பதில்லை, கடன்காரனிடமிருந்து ஒளிவதுபோல ஒளிவார்கள். விவரம் தெரியாமல் ஒருத்தி இருட்டைக் குறை சொன்னாள், அதுகூடத் தப்பில்லை. விவரம் தெரிந்த தோன் பல்தொமேரோ, நட்சத்திரத்துக்கு ஆசைப்பட்டு அதற்குத் தலையாட்டினாரே, அதை என்னவென்று சொல்ல.

"பெரியவர் பேர் எயுதிமியோ. மலைப்பக்கத்துக்காரர். சம்சாரத்தை இங்க ஆஸ்பத்திரியில சேத்திருந்தாங்க, அதுக்காகச் செவ்வாய்க்கிழமை ராத்திரிதான் வந்து தங்கினார். கையில காசு கம்மி. ஏழாம் நம்பர்ல ஏசி ஜூலையிலேருந்தே ஓடல, அதனால விலையைக் குறைச்சு அவருக்குக் குடுத்தார் முதலாளி… ஆமா, உங்க காலத்துல ஓடிச்சு… அவருக்கு வாதம் வந்து வலது கை விளங்காது. ஷட்டரை ஏத்தி இறக்கற பட்டை எவ்வளவு கனம்னு உங்களுக்கே தெரியும்… தெரியாதா? ஆமா, நீங்க அதை இறக்கவே இல்லையே…

"காலையில ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு, நடு மத்தியானம் நடந்தே திரும்பி வந்திருக்கார். முன்னாடி தங்கினவங்க ஷட்டரை உச்சி வரைக்கும் தூக்கி விட்டுட்டுப் போயிருந்தாங்க. காலையிலேருந்து வெயில் நேரா கட்டில்ல விழுந்துகிட்டே இருந்திருக்கு. வந்து படுத்தவர்தான்… கீழ யாரும் இல்ல. முதலாளி தன் ரூம்ல தூங்கறார், அங்க ஏசி ஓடுது, ஷட்டரும் இறங்கியிருக்கு… நான் ரெண்டு மணிக்கே வேலை முடிஞ்சு வந்துட்டேன்… சாயங்காலம் கதவைத் தட்டினா பதில் இல்லையாம்…

"ஆமா… ஆமாம்மா… அழாதீங்க… நான் உங்களைக் குத்தம் சொல்லப் போன் பண்ணல. சத்தியமா இல்ல.

"என்னது?… நானா?… ம்… போனேன். காலையில துண்டு மாத்தப் போனேன். அவர் இல்ல. கட்டில் மேல பளீர்னு வெயில். பார்த்தேன்… ஆமா, பார்த்தேன். பட்டையில கையக்கூட வச்சேன்… வச்சிட்டு எடுத்துட்டேன். அதுக்கு முந்தின வாரம்தான் மூணாம் நம்பர்ல பழக்கதோஷத்துல இறக்கிட்டேன்னு எல்லார் முன்னாடியும் கத்தினார். 'இன்னொரு தடவை தொட்டா நாளைக்கு வராதே'ன்னார்… பயந்துட்டேம்மா. வேலை போயிடும்னு பயந்தேன். வேற என்ன சொல்ல… நீங்க கேக்கறது நியாயம்தான். நானும் தூங்காம அதைத்தான் கேட்டுகிட்டிருக்கேன்."

கைக்குட்டை கைக்குக் கிடைக்காமல், அவள் மேசைமேல் கிடந்த பாத்திரம் துடைக்கும் துணியில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அழுவதற்கு அவளிடம் நேரமில்லை. மறுநாள் காலை நீதிபதி முன்னால் நிற்க வேண்டும்.

"இப்ப கேளுங்க. முதலாளி என்ன சொல்றார் தெரியுமா? 'ஷட்டரை இறக்கறது தினம் அவ வேலை, அன்னிக்கு மறந்துட்டா'ங்கறார்… ஆமா! அப்படியே சொல்றார்! தொடாதேன்னு சொல்லவே இல்லையாம்… பெரியவரோட மக என்னை நடைபாதையில நிறுத்திக் கேக்கறா, 'ஒரு பட்டையை இழுத்துவிட உனக்குக் கை வலிச்சுதாடி'ன்னு… நான் என்ன சொல்றது? ஆஸ்பத்திரியில அந்த அம்மாகிட்ட இன்னும் சொல்லலையாம். 'எங்க அந்த மனுஷன், எங்க அந்த மனுஷன்'னு வர்றவங்களை எல்லாம் கேக்கறாங்களாம்…

"எங்க தொழிற்சங்கத்து வக்கீல் கேக்கறார், தொடாதேன்னு முதலாளி சொன்னதுக்கு எழுத்துல ஏதாவது இருக்கான்னு. இருந்தது, அழிஞ்சு போச்சு. என்னை விட்டா அதைப் படிச்சேன்னு சொல்ல நீங்க ஒருத்தர்தான்… அதைத்தாம்மா கேக்கறேன். மறுபடி எழுதுங்க. 'ஷட்டரைப் பத்திக் குறை சொன்னேன், இனிமே தொடமாட்டாங்கன்னு முதலாளி பதில் போட்டார்.' அவ்வளவுதான். ரெண்டு நட்சத்திரம் போதும். ஒண்ணு குடுத்தாலும் சரி. வேலைக்காரி மோசம்னு வேணும்னா சேத்துக்குங்க…

"ஹலோ?… இருக்கீங்களா?… இல்ல, பழி உங்க மேல எதுக்கு வரும்? நீங்க விருந்தாளி… யாரும் உங்களைக் கொலைகாரின்னு சொல்லமாட்டாங்க… சொல்லமாட்டாங்கம்மா… சரி, பேப்பர்ல பேர் வராதுன்னு நான் எப்படிச் சத்தியம் பண்றது?… பயமா இருக்கு, தெரியுது. எனக்கு நல்லாவே தெரியுது. அன்னிக்குப் பட்டையில கை வச்சிட்டு நானும் இப்படித்தான்…

"யாரு?… அம்மாவோட வீட்டுக்காரரா?… வணக்கம் ஐயா. நான் கோர்தோபாவுலேருந்து… இல்ல ஐயா… பணமா? ஒரு காசு வேண்டாம் ஐயா. ஒரு காசு கேட்டேனா?… நம்பரா? விடுதியிலேருந்து எடுத்தேன்… தப்புதான்… தப்புதான் ஐயா, போலீஸ்ல சொல்லுங்க, நானே நாளைக்கு நீதிபதி முன்னாடி நிக்கப் போறவதான்… கத்தாதீங்க. அம்மாகிட்ட ஒரு நிமிஷம் குடுங்க. ஒரே நிமிஷம்…"

போன் கை மாறும் சத்தம், கதவு சாத்தும் சத்தம், யாரோ யாரையோ அதட்டும் சத்தம் எல்லாம் அவள் காதுக்குள் விழுந்தன. எண்ணூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு வீட்டில் தன் தலைவிதியைப் பற்றிப் புருஷனும் பெண்டாட்டியும் வாக்குவாதம் செய்வதை அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். நாக்கு வறண்டிருந்தது. எட்டி மண்ஜாடியை எடுத்தாள், அது காலியாக இருந்தது.

"அம்மா! வந்துட்டீங்களா… சொல்லுங்க… அவர் திட்டினா திட்டட்டும், அது பரவாயில்ல… என்னது?… எழுதறீங்களா? நிஜமாவா?… உங்க குடும்பம் நல்லா இருக்கணும்… இப்பவேவா? இருக்கேன், இருக்கேன், எவ்வளவு நேரமானாலும் இருக்கேன்… அம்மா, நீங்க நல்லா இருப்பீங்க…"

அவள் எழுந்து நின்றாள். மறுமுனையில் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. முதல் தடவையாக அந்த வாரத்தில் அவளுக்குப் பசித்தது. கேவலமான விஷயம்தான், ஆனால் பசித்தது.

"முடிஞ்சுதா?… போட்டாச்சா?… எங்க, படிங்க… 'அருமையான விடுதி'… ஏம்மா அப்படி ஆரம்பிக்கறீங்க?… சரி, படிங்க… 'அஞ்சு நட்சத்திரம்'… அஞ்சு எதுக்கு?… இல்ல, என் பேரைப் போட்டதுக்குச் சந்தோஷம்தான், ஆனா… 'ஃபுவென்சாந்தா மாதிரிப் பொறுப்பான பெண்ணைப் பார்த்ததே இல்லை'… ம்… மேல படிங்க… என்னது?… திரும்பப் படிங்க…

"'தினமும் தவறாமல் வந்து ஷட்டரை இறக்கிவிடுவார். ஒரு நாளும் மறந்ததில்லை.'

"ஐயோ அம்மா… ஐயோ, என்ன காரியம் பண்ணீங்க… அதைத்தானே அவரும் சொல்றார்! தினம் இறக்குவா, அன்னிக்கு மட்டும் மறந்துட்டான்னு… என்னை நல்லவள்னு யார் எழுதச் சொன்னா? நீங்க குறை சொன்னது எங்க? அவர் பதில் எங்க?… வீட்டுக்காரர் சொன்னாரா? அது மட்டும் வேண்டாம்னு சொன்னாரா?… நல்லது வேண்டாம்மா! கெட்டதாவே எழுதுங்க! அழிச்சிடுங்க, அதை உடனே அழிச்சிடுங்க… ஐயா, நீங்க குடுங்க, அம்மாகிட்ட… ஐயா… ஹலோ?… ஹலோ?… ஹலோ?"

மறுபடி அழைத்தாள். மணி அடிக்கவே இல்லை. இன்னொரு தடவை அழைத்தாள். அந்த வீட்டில் அவள் எண்ணைத் தடுத்துவிட்டார்கள்.

விடுதியின் இன்டர்நெட் பக்கத்தைத் திறந்தாள். ஐந்து நட்சத்திரமும் மேலேயே மின்னின. ஏழாம் நம்பர் ஏசியைச் சரிபார்க்க ஜூலை மாதம் முழுக்க நேரம் கிடைக்காத தோன் பல்தொமேரோ, தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு அதற்குள் கீழே பதில் போட்டிருந்தார்.

"மிக்க நன்றி, சென்யோரா. ஷட்டரை இறக்கிவைப்பது எங்கள் பணிப்பெண்களின் அன்றாடக் கடமை. அதில் நாங்கள் எப்போதும் கண்டிப்பாக இருக்கிறோம்."