சார்ஜிங் அறையின் கதவு

உங்கள் கைபேசியை அந்தக் காகிதக் கட்டின் மேல் வைத்து சார்ஜ் போட்டிருக்கிறீர்கள், ஐயா. வெறும் மேஜையில் வைப்பது நல்லது. தவறாக நினைக்க வேண்டாம். பன்னிரண்டு வருடமாக இதையே சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது.

இரண்டு மாதத்துக்கு முன்பு, விபத்து நடந்த மறுநாள், இதே அறையில் சாட்சியாக ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். அதில் சில இடங்களைத் திருத்த வேண்டும். யாரும் என்னை அழைத்து வரவில்லை, நானாகத்தான் வந்தேன் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் பட்டறையில் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் லித்தியம் பேட்டரிகள் செய்கிறோம். வீட்டுக்கு, கடைக்கு, மருந்தகத்துக்கு. ஒவ்வொன்றும் ஒரு பயணப்பெட்டி அளவு இருக்கும். பழுதாகித் திரும்பி வருவதையும் பார்த்துக் கொடுப்போம். நான் அங்கே பாதுகாப்பு அதிகாரி. என் தங்கையின் கணவர் சார்ஜிங் பிரிவுக்கு சூப்பர்வைசர். அவரை அந்த வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான்.

பேட்டரியைக் குறை சொல்ல மாட்டேன். அது கேட்பது கொஞ்சம்தான். அதற்கென்று உள்ள சார்ஜரில் போட வேண்டும். சும்மா கிடக்கும்போது முழுக்க ஏற்றி வைக்காமல் பாதியில் வைக்க வேண்டும். கீழே விழுந்ததையும் வயிறு உப்பியதையும் மற்றவற்றோடு சேர்க்காமல் வெளி முற்றத்தில் ஒதுக்க வேண்டும். ஆளில்லாத நேரத்தில் சார்ஜில் விட்டுப் போகக் கூடாது. இதையெல்லாம் பெரிய எழுத்தில் எழுதி, சட்டம் போட்டு, சுவரில் மாட்டினேன். மறு வாரம் அந்த ஆணியில் யாரோ சட்டையைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

தினமும் மூன்று வேளை புறங்கையை ஒவ்வொரு பேட்டரி மேலும் வைத்துப் பார்ப்பேன். கருவி இருக்கிறது, ஆனாலும் கைக்குத் தெரிவது வேறு. அதனால் எனக்குக் காய்ச்சல்காரர் என்று பெயர் வைத்தார்கள். வைத்தது மாப்பிள்ளைதான். "மச்சான், எனக்கும் கொஞ்சம் தொட்டுப் பாருங்க. காலையிலேருந்து உடம்பு ஒரு மாதிரி இருக்கு" என்று நெற்றியை நீட்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவர் கெட்டவர் இல்லை. கலகலப்பானவர். என் தங்கையை ஒரு நாளும் முகம் வாடவிட்டதில்லை.

பன்னிரண்டு வருடத்தில் ஒரு பொறி கூடப் பறக்கவில்லை. நான் ஒழுங்காக வேலை பார்த்ததால் எதுவும் நடக்கவில்லை. எதுவும் நடக்காததால் எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்க ஆரம்பித்தார்கள். போன வருடக் கடைசியில் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"சார், உங்க வேலையையும் மாப்பிள்ளையே சேர்த்துப் பார்த்துக்கறேன்னு சொல்றார். நீங்க ஸ்டோருக்கு மாறிக்கங்களேன். நிம்மதியா உட்கார்ந்த இடத்துல வேலை."

சரி என்றேன். வெளியே வந்தால் மாப்பிள்ளை நிற்கிறார். "உங்க நல்லதுக்குத்தான் மச்சான். இத்தனை வருஷமா எதுக்குப் பயந்தீங்க? ஒண்ணாவது வெடிச்சுதா?" என்று தோளில் தட்டினார். அன்பாகத்தான் தட்டினார்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் போயிற்று. ஒரு வீட்டுச் சுவரிலிருந்து கழன்று விழுந்த பேட்டரி ஒன்று திரும்பி வந்தது. ஒரு மூலை நசுங்கியிருந்தது. பக்கவாட்டில் விரல் கனத்துக்கு உப்பியிருந்தது. ஸ்டோருக்கு மாறும் வரை, சிவப்பு அட்டை கட்டி முற்றத்தில் வைக்க வேண்டியது என் பொறுப்பு. அட்டையைக் கட்டினேன் என்று போன தடவை சொன்னேன். கட்டினேன், உண்மை. பிறகு அவிழ்த்தேன். அதைத் தூக்கிக்கொண்டு போய் சார்ஜிங் அறையில் நடு அலமாரியில் வைத்து சார்ஜரில் இணைத்தேன். சூடு ஏறினால் மின்சாரத்தை நிறுத்துகிற கம்பி ஒன்று உண்டு. அதையும் எடுத்துவிட்டேன்.

யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை. ஒரு சின்னத் தீ. மதியம் ஒரு மணிக்கு எல்லோரும் சாப்பாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவார்கள். ஒரு அலமாரி எரியும். மற்ற பேட்டரிகள் எல்லாம் பாதிச் சார்ஜில்தான் இருக்கின்றனவா என்று முன்பே பார்த்துக்கொண்டேன். அறையின் கதவு இரும்பு, தீ தாண்டி வராது. அவர்கள் பார்க்க வேண்டும் என்று மட்டும் விரும்பினேன். பார்த்தால் புரிந்துகொள்வார்கள். ஒரு அலமாரி போவதால் நாளைக்கு எத்தனையோ வீடு பிழைக்கும். நீங்களே யோசித்துப் பாருங்கள், இதில் என்ன தப்பு இருக்கிறது.

பேட்டரிகளுக்காக அந்த அறையில் ஏசி ஓடும். சாப்பிட்ட கையோடு மாப்பிள்ளை அங்கே பின்பக்கத்தில் அட்டையை விரித்துப் படுப்பார். அந்த அறையில் யாரும் தூங்கக் கூடாது என்று பதினான்கு முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு அவர் வெளியே போயிருப்பார் என்று நினைத்தேன் என்று உங்களிடம் சொன்னேன். அதை அடித்துவிடுங்கள். அவருடைய செருப்பு வாசலில் கிடந்தது. இடது கால் செருப்பு கவிழ்ந்திருந்தது. அதைக் காலாலேயே நிமிர்த்தி ஜோடியாக வைத்து, ஒருக்களித்திருந்த கதவையும் சாத்திவிட்டுத்தான் வெளியே நின்றேன்.

சத்தம் எழும், எழுந்து ஓடி வந்துவிடுவார், பயந்து வருவார், அது போதும் என்று இருந்தது.

முதலில் ஒரு டக். அதற்குப் பிறகு நீளமாக உஸ் என்று காற்று இறங்குகிற சத்தம். கதவுக்கு அடியில் வெள்ளைப் புகை வந்தது. அபாய மணியை அடித்தேன். கொட்டகையிலிருந்து ஓடி வந்தவர்களைத் தெருவுக்கு அனுப்பினேன், தலை எண்ணினேன். ஒரு தலை குறைந்தது. மாப்பிள்ளை எங்கே என்று தையல்கார அம்மா கேட்டார், பேட்டரிக்கு உறை தைப்பவர். கடைக்குப் போனதைப் பார்த்தேன் என்றேன். பிறகு கதவுக்குத் திரும்பி வந்தேன். புகை சூழ்ந்த அறையின் கதவைச் சாத்தியே வைக்க வேண்டும், அது விதி. நான் எழுதிய விதிதான். தீயணைப்பு அதிகாரி அதற்காக என்னைப் பாராட்டினார். கட்டடம் பிழைத்தது உங்களால்தான் என்றார்.

அந்தக் கதவுக்கு உள்பக்கக் கைப்பிடி உடைந்திருந்தது. அதையும் மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். வெளியிலிருந்து மட்டும்தான் திறக்கும்.

இப்போது பட்டறையில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. ஆளில்லாமல் சார்ஜில் ஒன்று கூட இருப்பதில்லை. முதலாளி என்னை ஸ்டோருக்கு மாற்றவில்லை. நான் தங்கை வீட்டில்தான் இருக்கிறேன், அவளுக்கு வேறு யாரும் இல்லை. அங்கே எந்தக் கதவு சாத்தியிருந்தாலும் எனக்கு ஆகவில்லை. மதியம் ஆனால் எல்லாவற்றையும் திறந்து வைக்கிறேன். "பூனை வருது அண்ணா, சாத்து" என்பாள். சாத்தினால் தட்டுகிற சத்தம் கேட்கிறது. உள்ளங்கையால் தட்டுவது. அலமாரிக் கதவில் கூடக் கேட்கிறது. நேற்று என் கை அலமாரியின் மேல் போய்விட்டது, புறங்கை. மரம் சுட்டது.

அவள் என்னைக் குறை சொல்வதே இல்லை. "நீ சொன்னதை அவர் கேட்டிருந்தா இன்னைக்கு இருந்திருப்பார்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். தினமும் ஒன்று மட்டும் கேட்கிறாள். சோறு போடும்போது கேட்கிறாள், துணி மடிக்கும்போது கேட்கிறாள்.

"நீதானே அண்ணா பக்கத்துல இருந்த? கடைசியா அவர் ஏதாவது சொன்னாரா?"

இல்லை என்று அறுபது நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவளிடம் சொல்ல முடியவில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

சொன்னார். தட்டிக்கொண்டே சொன்னார். நடுவில் இருமினார். நான் வெளியே நிற்பது அவருக்கு எப்படித் தெரிந்ததோ தெரியவில்லை. "மச்சான்... நீங்க சொன்னதுதான் சரி மச்சான். எல்லாமே நீங்க சொன்னதுதான் சரி. கதவைத் திறங்க."

என் கை கைப்பிடியில்தான் இருந்தது. திறக்கக் கூடாது என்று நான் நினைக்கவே இல்லை, ஐயா. பன்னிரண்டு வருடத்தில் அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. இன்னொரு தடவை சொல்வார் என்று நின்றேன்.