ஒப்பிடறதுக்குன்னு ஒரு ரூம்

அங்கேயே நில்லுங்க. உக்காரவெல்லாம் வேண்டாம். அவர் இல்ல, உங்களுக்குக் குடுக்க ஏதோ வாங்கக் கடைக்குப் போயிருக்கார். நானா? அவர் சம்சாரம். ஏன் அப்படிப் பாக்குறீங்க? சம்சாரம் இருக்குன்னு சொல்லலையாக்கும். சுவரைப் பத்தி மட்டும் சொல்லியிருப்பார்.

நீங்கதானே அவர் கட்டின சுவருக்குப் பரிசு குடுக்கலாமான்னு பாக்க வந்தவர்? நல்லா பாத்துக்குங்க. இது வைக்கோல் ரூம். கட்டுக் கட்டா வைக்கோலை அழுத்தி அடுக்கி, ரெண்டு பக்கமும் மண்ணு பூசினது. சூட்டைத் தடுக்குறது மண்ணுன்னு நெனச்சுக்காதீங்க. மண்ணு சூட்டை வாங்கி வச்சுக்கிட்டு மெதுவா விடும், அவ்வளவுதான். தடுக்குறது வைக்கோலும் அதுக்குள்ள அடைஞ்சு கெடக்குற காத்தும். அதே கனத்துக்குச் செங்கல் வச்சா பத்து மடங்கு சூடு உள்ள வரும். தெர்மாகோல் வைக்கோலையும் மிஞ்சிடும், ஆனா அதை அவர்கிட்ட சொல்லிடாதீங்க, அப்புறம் சாப்பாடு எறங்காது.

எப்படித் தெரியுமாவா? கல்யாணமாகி வந்த நாள்லேருந்து இந்த வீட்டுல வேற பேச்சு ஏது? குழந்தைக்குப் பல்லு முளைச்சிருக்குன்னு ஓடிப் போய்ச் சொன்னேன். அப்படியா, மேக்குச் சுவரைத் தொட்டுப் பாத்தியான்னு கேட்டார்.

இந்தப் பக்கம் வாங்க. இது சிமெண்ட் கல்லு ரூம். அதே நீளம், அதே அகலம், அதே ஜன்னல். வைக்கோல் நல்லா தடுக்குதுன்னு காட்டணும்னா தடுக்காத ஒண்ணு பக்கத்துல வேணுமில்ல? இருங்க, கதவை அப்புறம் தெறக்கலாம். இதுல யாரு இருந்தாங்கன்னு ஒரு வார்த்தை கேளுங்களேன். நானும் என் பொண்ணும்தான். வைக்கோல் ரூம் அவருக்கு. ஆள் குடியிருக்கிற ரூம்ல சூட்டை அளந்தாத்தான் உங்களை மாதிரி ஆளுங்க ஒத்துக்குவீங்களாம்.

ஃபேன் போடக் கூடாது, ஜன்னல் தெறக்கக் கூடாது, கணக்கு கெட்டுடும். போன கோடையில குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு, அப்புறம் காய்ச்சல், வாந்தி. தூக்கிட்டுப் போய் அவர் ரூம் கதவைத் தட்டுறேன். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கோ, அளவு முடியட்டும்னார். அன்னைக்கே அண்ணன் வீட்டுக்குப் போயிட்டேன்.

அந்தப் பெட்டியைப் பாக்குறீங்களா? சாமான் எடுத்துட்டுப் போக வந்தேன்னு நெனைக்கிறீங்க. இல்ல சார், இங்கேயே இருக்க வந்தவ. போன வாரம் போன் பண்ணார். நீங்க ரெண்டு பேரும் போனதுலேருந்து ரூமே வேற மாதிரி ஆயிடுச்சு, வந்துடுன்னார். அந்த வாயிலேருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே இல்ல. வெக்கமில்லாம அழுதுட்டேன். அண்ணி திட்டத் திட்டக் கெளம்பி வந்துட்டேன். வந்து எறங்கினா, வான்னுகூடச் சொல்லல. நல்லவேளை வந்துட்ட, பல்பு மாத்தி மாத்தி அலுத்துப் போச்சுன்னார். எனக்கு ஒண்ணும் புரியல. பொண்ணு வாசல்ல நிக்கிற வண்டியில தூங்கிட்டிருக்கா. அதைத் தாண்டித்தான் கடைக்குப் போனார், உள்ள எட்டிக்கூடப் பாக்கல.

இப்பத் தெறக்குறேன், பாருங்க. பட்டப்பகல்ல எதுக்கு லைட்டுன்னு தோணுதா? நானும் அவர் கடைக்குப் போனப்புறம்தான் தெறந்து பாத்தேன். கட்டிலுக்கு மேல தொங்குதே பெரிய குண்டு பல்பு, அது நான். சும்மா இருக்கிற ஒரு ஆள் நூறு வாட்ஸ் சூடு விடும்னு அவர் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம். தொட்டிலுக்கு மேல இருக்கிற சின்னது என் பொண்ணு. நாப்பது.

வழி விடுங்க, வண்டி நிக்குது. பரிசைத் தாராளமா குடுங்க, சுவர் நல்ல சுவர்தான். அவர் வந்ததும் ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. அந்தச் சின்ன பல்பை மாத்தணும். பாப்பா வளந்துட்டா, நாப்பது பத்தாது.