ஏரிப் பனி தாங்கும்

காபி ஆறிவிட்டது. வேறு போட்டுத் தரட்டுமா? வேண்டாமென்றால் சரி. நீங்கள் அம்மாவைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள். ஹென்னாவிலிருந்து சொன்னால்தான் புரியும்.

ஹென்னா என் மனைவி. போன ஏப்ரலில் ஏரியில் போனவள்.

அதற்கு முந்தைய கோடையில் எங்கள் குடும்பச் சங்கம் கூடியது. தலைவர் பெரியப்பா மகன் தைஸ்தோ. ஆண்வழி மரபணு பார்க்கிறேன் என்று குழாயில் துப்பினார். "நான் ஒருத்தன் துப்பினா போதும்டா. அப்பன்கிட்ட இருக்கறதுதானே மகன்கிட்ட" என்றார். பிள்ளைகள் ஆசைப்பட்டதால் அவர்களும் துப்பினார்கள். என் பையன் ஏலிஸும்.

குளிர்காலத்தில் தைஸ்தோ போன் செய்தார்.

"நம்ம பாட்டன்மாரு யூரல் மலைக்கு அந்தாண்ட இருந்து நடந்தே வந்த கூட்டம். உன் பையன் சுவீடன் பக்கமிருந்து படகுல வந்திருக்கான்டா தம்பி. டிக்கெட் எடுத்தானான்னு ஹென்னாகிட்ட கேளு."

நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளை அவமதித்ததாகியிருக்கும்.

ஏப்ரலில், உறைந்த ஏரியின் பனிக்கடியில் போட்டிருந்த வலையை எடுக்கப் புறப்பட்டாள்.

"நாணல் முனைப் பக்கம் பனி தாங்குமா?"

"தாங்கும்."

"உன்னை நம்பித்தான் போறேன். நான் விழுந்தா ராத்திரிச் சமையல் உனக்கு."

அங்கே அடியில் ஓடை வந்து கலக்கிறது, பனி மெலிந்திருக்கும். சிறு வயதிலிருந்தே எனக்குத் தெரியும். ஜன்னலைச் சாத்திவிட்டு ஏலிஸுக்குக் கஞ்சி வைத்தேன்.

அடக்கம் முடிந்தபின், யாரும் விட்டுப்போகக் கூடாதென்று தைஸ்தோ என்னையும் துப்ப வைத்தார். முடிவு வந்தபோது அவர் சிரிக்கவில்லை.

"நீயும் பையனும் ஒண்ணுதான்டா. நீங்க ரெண்டு பேருமே என் வழியில சேரல."

ஏலிஸ் என் மகன்தான். அன்று வெகுநேரம் தூங்கினேன்.

தவறு ஹென்னாவிடம் இல்லையென்றால் அம்மாவிடம். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவிடமும் நான் கேட்கவில்லை. பெற்றவளிடம் கேட்கிற கேள்வியா அது? இந்த ஏப்ரலில், ஏரியைக் கடக்க வேண்டுமென்று அம்மாவே வந்து நின்றார்.

"நாணல் முனைப் பக்கம் நான் போகமாட்டேன்டா சாமி. படகுத்துறை வழியாப் போனா தாங்குமா?"

தாங்கும் என்றேன்.

எழுதிக்கொள்ளுங்கள். இருவரையும் தெரிந்தே அனுப்பினேன்.

நேற்று தைஸ்தோ பேசினார். வழி மாறியது அம்மாவிடம்தான் என்று சொல்ல முடியாதாம். அப்பா பிறந்தபோதே மாறியிருக்கலாம், தான் பிறந்தபோதுகூட மாறியிருக்கலாம் என்கிறார். தைஸ்தோவின் அம்மா இன்னும் அக்கரையில்தான் இருக்கிறார். சொந்தத்தில் இன்னொருவர் துப்பினால்தான் தெரியுமாம்.

துப்பட்டும். விசாரிக்காமல் ஒருவர்மேல் பழி போடுகிற ஆள் நான் இல்லை.